ஹப்ஸா திறந்த கதவு

எங்கள் குர்து ஊரான சம்சமாலில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அவளோடு வயதில் மூத்த ஒருத்தியும் போவாள். பாகஸூ என்று சொல்வோம். மாப்பிள்ளை வீட்டில் மூன்று நாள் பக்கத்து அறையில் தங்கி, பெண்ணுக்குத் துணையாக இருந்து, அந்த வீடு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொண்டு திரும்பி வருவாள். அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது தலைத்துணியின் நுனி தோளுக்குப் பின்னால் கிடந்தால் எல்லாம் நலம். முன்னால் தொங்கினால் பெண்ணின் அப்பா அந்த நிமிஷமே செருப்பைத் தேடுவார்.

என் சித்தப்பா மகள் ஹப்ஸா நாற்பத்து மூன்று பெண்களோடு அப்படிப் போய் வந்தவள். நாற்பத்து மூன்று என்பது அவள் எண்ணிக்கை. ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போன அக்கா தங்கையை அவள் இரண்டாக எண்ணுவாள். நான் ஒன்றாகத்தான் எண்ணுவேன். இதைப் பற்றி நாங்கள் முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதனால் சண்டைக்காக வெளியே போக வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

போன வீட்டில் அவள் முதலில் உட்கார மாட்டாள். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பாள். வீட்டில் நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு சோடி கிடந்தால், மிச்ச இரண்டு சோடி யாருடையது என்று தெரியும்வரை தேநீரைத் தொடமாட்டாள். மூலையில் அடுக்கியிருக்கும் மெத்தைகளைக் கண்ணாலேயே எண்ணுவாள். ரொட்டிக் கூடையின் துணியை விலக்கி எத்தனை வாய்க்குச் சுட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். மாமியார்கள் அவளைக் கண்டு பயந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவள் வருகிறாள் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் ஆமினா. ஆமினா ஹப்ஸாவின் அக்கா. எங்கள் காலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். ஹப்ஸாவின் அண்ணன் ஸாபிருக்கு அந்த வீட்டுப் பெண் பஹியா வந்தாள், அதற்குப் பதிலாக ஆமினா பஹியாவின் அண்ணனுக்குப் போனாள். ஆமினாவோடு பாகஸூவாகப் போனது எங்கள் பெரியத்தை. மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், தலைத்துணியைப் பின்னால் போட்டுக்கொண்டு இறங்கினாள். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்று. ஆமினாவைத் திரும்ப அழைத்துவந்தால் பஹியாவையும் திருப்பி அனுப்ப வேண்டும். பஹியா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், ஸாபிர் அவளை விட்டு ஒரு நாள் இருக்க மாட்டான். அதனால் ஆமினா அங்கேயே கிடந்தாள். பிறகு அன்ஃபால் என்று பெயர் வைத்து அரபி ராணுவம் எங்கள் கிராமங்களைக் காலி செய்த வருஷத்தில் அவளையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன லாரி போனதுதான்.

ஆமினாவின் கல்யாணம் நடந்தபோது ஹப்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. அன்றிலிருந்து எந்த வீட்டையும் அவள் நம்பியதில்லை. சொந்தக் கணவன் தௌஃபீக்கையே எட்டு வருஷம் கழித்துத்தான் நம்பினாள். அந்த மனுஷர் வாழ்நாளில் அவளிடம் ஒரே ஒரு பொய் சொன்னார், அதையும் அன்று சாயங்காலமே ஒப்புக்கொண்டார்.

இப்போது ஷவ்னிமுக்கு வருகிறேன். ஷவ்னிம் ஸாபிருக்கும் பஹியாவுக்கும் கடைசியாகப் பிறந்த பெண். நர்ஸ் வேலைக்குப் படித்தாள். தெற்கே சண்டை நடந்து அரபிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக எங்கள் பக்கம் ஓடிவந்து கூடாரம் போட்டிருந்தார்கள் அல்லவா, அந்த முகாமின் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. அங்கேயே அரபி பேசக் கற்றுக்கொண்டாள். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி அடிக்கடி நின்றுபோகும். அதைப் பழுது பார்க்க வருவான் முஹன்னத். ஆற்றங்கரை ஊரான ஹீத்திலிருந்து ஓடிவந்தவன். அந்தப் பெட்டி அந்த வருஷம் எத்தனை முறை கெட்டுப்போனது என்று கேட்டால் ஷவ்னிமுக்கு இன்றும் சிரிப்பு வரும்.

சண்டை முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆறு மாதம் கழித்து முஹன்னத் ஒன்பது ஆண்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான்.

எங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரபி என்றால் லாரியின் பின்கதவு மூடுகிற சத்தம்தான். அதை யாரும் பேசுவதில்லை, ஆனால் அன்று ஸாபிர் வீட்டில் எல்லோர் காதிலும் அந்தச் சத்தம் இருந்தது. தேநீர் கொடுத்தார்கள். ஒன்பது பேரும் குவளையைக் கீழே வைத்துவிட்டு, உதடு படாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹப்ஸா திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நம் வீட்டுத் தண்ணீர் இவர்களுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பல்லைக் கடித்தாள். முஹன்னத்தான் அரைகுறைக் குர்திஷில் சொன்னான், பதில் கிடைக்கும்வரை குடிக்கக் கூடாது, அது அவர்கள் வழக்கமாம். எங்கள் தாத்தா காலத்தில் எங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஸாபிர் முடியாது என்றார். ஷவ்னிம் சாப்பிடாமல் இருந்தாள். பதினோரு நாள் இருந்தாள். நர்ஸ் ஆயிற்றே, எவ்வளவு நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும் என்று அண்ணன்காரன் ஹேமின் கேலி பேசினான். பன்னிரண்டாம் நாள் அவனே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான்.

கடைசியில் ஸாபிர் ஒரு நிபந்தனை வைத்தார். ஹப்ஸா பாகஸூவாக ஹீத்துக்குப் போவாள். மூன்று நாள் இருப்பாள். அவள் "எழுந்திரு" என்று சொன்னால் ஷவ்னிம் எழுந்து அவளோடு வந்துவிட வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது. முஹன்னத் உடனே தலையாட்டினான். பத்து நாள்கூட இருக்கட்டும் என்றான்.

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே ஹப்ஸாவுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஏடி ஷம்சா, முப்பத்து நாலு வயசுடி அவனுக்கு. கையில வேலை இருக்கு, மூக்கும் முழியுமா இருக்கான். இவ்ளோ நாள் ஒருத்தியும் கெடைக்கலையா? ஒண்ணு ஒடம்புல கோளாறு, இல்லேன்னா வீட்ல ஆள் இருக்கு."

"ஊரே எரிஞ்சுகிட்டிருந்துச்சே, எப்ப கட்டுவான்?" என்றேன்.

"ஊர் எரியும்போதும் ஆம்பளைங்க கல்யாணம் பண்ணத்தான் செய்யறாங்க. நீயும் என்கூட வர்ற. எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு."

அப்படித்தான் நானும் போனேன். ஹேமின் தங்கையின் இடுப்பில் சிவப்புக் கச்சையை மூன்று முறை சுற்றி மூன்றாம் முறை முடிந்தான். முடிச்சு கோணலாக விழுந்தது. அவிழ்த்துக் கட்டக் கூடாது என்பதால் அப்படியே விட்டோம். ஹப்ஸா அதையும் மனதில் குறித்துக்கொண்டாள். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். விடியற்காலையில் கிளம்பியவர்கள் பொழுது சாயும் நேரத்தில் ஹீத் போய்ச் சேர்ந்தோம்.

பேரீச்ச மரங்களுக்கு நடுவில் வீடு. முற்றத்தைச் சுற்றி அறைகள். வீட்டில் நாலு பேர் என்று சொல்லியிருந்தார்கள்: முஹன்னத், அவன் அம்மா, தம்பி, தம்பி மனைவி. முஹன்னத்துக்கு ஒரே தங்கை, பெயர் ஹதீல், ரமாதியில் கட்டிக்கொடுத்தவள், கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்றான். ஹப்ஸா என் விலாவில் இடித்தாள். மூத்த அண்ணி வருகிற நாளில் ஒரே நாத்தனார் வரவில்லையா? அதுவும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பவள்?

மாமியாரை எல்லோரும் உம் முஹன்னத், அதாவது முஹன்னத்தின் அம்மா, என்றே கூப்பிட்டார்கள். கனத்த உடம்பு, வேகமான கால். எங்களைக் கட்டி அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஆற்று மீனைச் சுட்டுப் போட்டாள். என் தட்டு காலியாகும் முன்பே நிரம்பியது. அவள் நல்லவள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஹப்ஸாவிடம் சொன்னேன், பெரியத்தைக்கும் மீன் போட்டிருப்பார்கள் என்றாள்.

மறுநாள் காலையில் அவள் ரொட்டிக் கூடையைப் பார்த்துவிட்டு வந்தாள். விருந்தாளிகளோடு சேர்த்து ஏழு பேர். எட்டுப் பேருக்குச் சுட்டிருக்கிறது. முற்றத்தின் கடைசியில் ஒரு அறை, அதன் கதவு மட்டும் எப்போதும் சாத்தியிருந்தது. காலையிலும் மதியமும் உம் முஹன்னத் ஒரு தட்டைத் துணியால் மூடி அந்த அறைக்குள் கொண்டுபோனாள், வெளியே வந்ததும் பூட்டினாள், சாவியை மார்புக்குள் போட்டுக்கொண்டாள். அந்தத் தட்டிலிருந்து வந்தது வெந்தய வாசனை. வெந்தயக் கஞ்சி பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாதா?

 ஹப்ஸா அன்று மதியம் தேநீர்க் குவளையைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் மதியத் தொழுகை நேரத்தில், வீடு அமைதியாக இருந்தபோது, அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தையின் அழுகை. நான் ஏழு பெற்றவள், ஹப்ஸா ஐந்து பெற்றவள். எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உம் முஹன்னத் சமையலறையிலிருந்து ஓடினாள். சத்தம் நின்றது. திரும்பி வந்தவள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஷவ்னிம் மொழிபெயர்த்தாள்.

"பூனையாம், அத்தே."

"அவங்க ஊர்ப் பூனைக்கு வெந்தயக் கஞ்சி வச்சுக் குடுப்பாங்களா?" என்றாள் ஹப்ஸா.

ஷவ்னிமின் முகம் வெளுத்தது. அவளும் கேட்டிருந்தாள். நர்ஸுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அன்று சாயங்காலம் அவள் முஹன்னத்திடம் நேராகக் கேட்டாள். நானும் ஹப்ஸாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் தரையைப் பார்த்தான். அது அம்மாவின் விஷயம், இப்போது சொல்ல எனக்கு அனுமதி இல்லை, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் தானாகத் தெரியும் என்றான். ஒரு மாதம் என்றதும் ஹப்ஸா என்னைப் பார்த்தாள். நாங்கள் மூன்று நாளில் போய்விடுவோம், அதற்குப் பிறகு பெண் தனியாக இருப்பாள். ஆமினாவுக்கும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஹப்ஸா ஷவ்னிமை எழுப்பி, கல்யாண உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். சிவப்புக் கச்சையையும் கட்டச் சொன்னாள். வந்த கோலத்திலேயே திரும்புகிற பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். நான் பின்னாலேயே போனேன். உம் முஹன்னத் அப்போதுதான் தட்டோடு அந்த அறையின் பூட்டைத் திறந்திருந்தாள். எங்களைக் கண்டதும் தட்டைக் கீழே போட்டுவிட்டு, கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். கத்தினாள். என்ன கத்தினாள் என்று அந்த நேரம் ஷவ்னிமுக்கே புரியவில்லை, அவ்வளவு வேகம்.

ஹப்ஸா நின்றிருக்கலாம். நான்கூட அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை உதறிவிட்டு, அந்தக் கனத்த உடம்பை ஒரு பக்கமாகத் தள்ளி, கதவைத் திறந்து, ஷவ்னிமை இழுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள்.

உள்ளே மெத்தையில் ஒரு இளம்பெண் படுத்திருந்தாள். முஹன்னத்தின் அதே புருவம், அதே தாடை. பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. குழந்தையின் தலைமாட்டில் திறந்த கத்தரிக்கோல். அதன் மேல் ஒரு வெங்காயம். கதவு நிலையில் சிவப்பு நூல். சிவப்புக் கச்சையோடு நிற்கும் மணப்பெண்ணைக் கண்டதும் அவள் குழந்தையின் முகத்தில் துணியைப் போட்டு மூடிவிட்டு, தன் கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஊரிலும் பிறந்த பிள்ளைக்குக் காவலாக வைக்கும் அந்தத் திறந்த கத்தரிக்கோலைப் பார்த்தவுடனே ஹப்ஸாவின் கை ஷவ்னிமின் மணிக்கட்டை விட்டுவிட்டது.

பிள்ளை பெற்றவளும் புது மணப்பெண்ணும் நாற்பது நாள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் மணப்பெண்ணின் வயிறு அடைபடும், குழந்தையும் தேறாது. எங்கள் ஊரில் இது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதே ஹப்ஸா எத்தனையோ கல்யாணங்களில் பிள்ளை பெற்ற அண்டை வீட்டுக்காரிகளை ஊருக்கு வெளியே அனுப்பியிருக்கிறாள், கதவைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்திருக்கிறாள். ஆனால் அரபிக்காரர்களுக்கும் இந்த நாற்பது உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. மறைக்கிறார்கள் என்றால் திருட்டுத்தனம், அதைத் தாண்டி எங்கள் புத்தி போகவில்லை.

உம் முஹன்னத் வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் அறைந்துகொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. ஹதீல் கல்யாணத்துக்கு என்றே வந்தவள், மாதம் நிறையும் முன்பே வலி கண்டுவிட்டது. கல்யாண நாளைத் தள்ளிவைக்கலாம் என்று முஹன்னத் சொல்லியிருக்கிறான். தள்ளிவைத்தால் குர்துக்காரர் சந்தேகப்பட்டுப் பெண்ணைத் தரமாட்டார் என்று அம்மா சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றதற்கு, பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், அவர்களுக்கு இதெல்லாம் கிடையாது, நம்மைப் பட்டிக்காட்டார் என்று சிரிப்பார்கள், நாற்பது நாள் கழியட்டும் என்றாளாம்.

ஷவ்னிம் இதைச் சொல்லி முடித்ததும் ஹப்ஸா அந்த வாசற்படியிலேயே உம் முஹன்னத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நமக்குக் கெடையாதாமா? அவகிட்ட சொல்லு, நான் இதுல கிழவியானவ. நம்ம பரிகாரம் இருக்கு, உடனே செய்யணும்."

பரிகாரத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. எங்களில் இரண்டு பெண்களும் ஊசியை மாற்றிக்கொண்டு ஒரு சிட்டிகை உப்பை ஒருவர் கையிலிருந்து ஒருவர் நக்க வேண்டும். அவர்களில் தங்க மணி ஒன்றைப் போட்டு வைத்த தண்ணீரை இருவர் முழங்காலிலும் ஏழு முறை ஊற்ற வேண்டும். எது முதலில் என்று இரண்டு கிழவிகளும் அரை மணி நேரம் வாதாடினார்கள், ஒருத்தி குர்திஷில், ஒருத்தி அரபியில், நடுவில் ஷவ்னிம். இதெல்லாம் ஒன்றுமில்லை அத்தே என்று அவள் சிரித்தாள். ஆனாலும் ஏழு முறை ஊற்றியாயிற்றா என்று எண்ணிப் பார்த்தது அவள்தான். கடைசியில் இரண்டையும் செய்தோம். தண்ணீர்தான் முதலில், அவள் வீடு அல்லவா.

அன்றே கிளம்பினோம்.  சம்சமால் நெருங்கும்போது ஹப்ஸா தலைத்துணியின் நுனியை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டாள். வாசலில் ஸாபிர், பஹியா, ஹேமின், பாதித் தெரு. பஹியா அழுதாள். ஸாபிர் மட்டும் தங்கையைத் தனியே கூப்பிட்டு ஏதாவது மறைத்தார்களா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லேண்ணே," என்றாள் ஹப்ஸா.

தன் கையாலேயே மணப்பெண்ணை நாற்பது கழியாத அறைக்குள் இழுத்துக்கொண்டு போன பாகஸூவை அதற்குப் பிறகு எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? நான் அவளைக் குறை சொல்லவில்லை. நானும்தான் பேசாமல் இருந்தேன்.

ஒரு வருஷம் போனது. ஷவ்னிமுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருஷம் போனது. வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை, பொறுத்திருங்கள் என்று டாக்டர்கள் சொன்னதாகத் தொலைபேசியில் சொன்னாள். நல்லவேளை, ஹதீலின் குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் ஹப்ஸாவின் முகம் இன்னும் சுருங்கும். அப்படியானால் முழுதும் நம் பெண்மேல்தான் விழுந்திருக்கிறது என்பாள்.

எங்கள் தெரு தன் பங்குக்குப் பேசியது. அந்த மாமியார் தேநீரில் ஏதோ கலந்து கொடுக்கிறாள், பிள்ளை இல்லை என்று காட்டி மகனுக்கு அரபிப் பெண்ணைக் கட்டிவைக்கப் போகிறாள், அதற்குத்தான் இத்தனையும் என்றார்கள். சந்தேகத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. நான் திரும்பி வரமாட்டேன், இங்கே நன்றாக இருக்கிறேன் என்று ஷவ்னிம் தொலைபேசியில் சொன்னாள். அவளா சொல்கிறாள், பக்கத்தில் நின்று சொல்ல வைக்கிறார்கள் என்றார்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் பயந்து சொல்கிறாள், அழுதால் அடிக்கிறார்கள். அந்தப் பெண் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் போனது.

மூன்றாம் வருஷம் வசந்தத்தில் ஸாபிர் முடிவு செய்துவிட்டார். ஹேமினும் இரண்டு பெரியப்பா மகன்களும் பார்க்கப் போவதுபோல ஹீத்துக்குப் போவார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி ஷவ்னிமை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வந்தபின் அனுப்புவதில்லை.

ஹப்ஸா அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நாற்பத்து இரண்டு பெண்களோடு போய் வந்த பெயரை ஒரு காலையில் தொலைக்காதே, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் கடவுள் கொடுப்பார் என்றேன்.

"நாப்பத்து மூணு," என்றாள். போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

ஸாபிர் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வாசலில் நின்றது. ஹப்ஸா நடுவில் போய் நின்று, தலைத்துணியின் இரண்டு நுனியையும் முன்னால் இழுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மூன்று வருஷம் பிந்தி வந்த சேதி அது.

"அண்ணே, அவங்க ஒண்ணும் பண்ணலே. பண்ணது நான். பிள்ளை பெத்தவ அறையைப் பூட்டி வச்சிருந்தாங்க. ஒளிக்கிறாங்கன்னு நெனச்சு, உங்க பொண்ணை நானே கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனேன். அவங்க நம்ம புள்ளைக்காகத்தான் பூட்டினாங்க. மாமியார்க்காரி கையை விரிச்சு நின்னா, தள்ளிவிட்டேன்."

 பெரியப்பா மகன்களில் ஒருவன், மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"என் பேரு போயிரும்னுதான்," என்றாள். "வேற எதுக்கு?"

ஸாபிர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கோபத்தை எனக்குத் தெரியும். இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து பஹியா பேசினாள். ஆண்கள் கூடியிருக்கும் கூடத்தில் அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஆமினா அண்ணி எங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்குப் பதினேழு வயசு. அண்ணனுக்கு இன்னொருத்தி இருக்கான்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வரணும்னு ஆசை, அதனால வாயைத் திறக்கலே. உங்க பெரியத்தை மூணு நாள் எங்க வீட்ல இருந்தா, ஒரு கதவைக்கூடத் தொடலே. இவ தொட்டா. தப்பான கதவுதான். ஆனா திறந்தா."

நாற்பத்தாறு வருஷம் அவள் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஸாபிர் அவளைப் பார்த்தார், ஹப்ஸாவைப் பார்த்தார். பிறகு ஹேமினிடம் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.  இரண்டு வாரம் அவர் ஹப்ஸாவுக்குச் சலாம் சொல்லவில்லை, பஹியாவிடமும் பேசவில்லை. பிறகு பஹியாவிடம் பேசினார். ஹப்ஸாவிடம் பேச ஈகைப் பெருநாள் வரவேண்டியிருந்தது.

நினைத்தது போலவே அதற்குப் பிறகு அவளை யாரும் பாகஸூவாகக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். அவள் செருப்பைக்கூடப் பார்க்கத் தெரியாதவள். ஹப்ஸா அன்று முழுக்கச் சுவர் பக்கமே வரவில்லை.

நாலாம் வருஷக் கடைசியில் ஷவ்னிமுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உப்புதான் காரணம் என்று ஹப்ஸா சொன்னாள், தண்ணீர்தான் என்று உம் முஹன்னத் சொன்னாளாம். பாக்தாத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன் என்று ஷவ்னிம் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பது நாள் துணைக்கு வரச்சொல்லி உம் முஹன்னத்தே ஆள் அனுப்பியிருந்தாள், ஹப்ஸாவைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாள். ஹப்ஸாவுக்கு முழங்கால் வலி, மூச்சுவாங்கும். போனாள். முப்பதாம் நாள் குழந்தையைப் பார்க்க ஸாபிர் குடும்பத்தோடு நானும் போனேன்.

அதே அறை. கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு ஹப்ஸா உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் இடுப்பில். அரபியில் நாலே வார்த்தைதான் கற்றிருந்தாள்: கல்யாணம், எப்போது, எத்தனை நாள். வருகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி அதையே கேட்டாள். நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி இனிப்புத் தட்டோடு வந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. ஹப்ஸா நாற்காலியை விட்டு எழுந்து, கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, குர்திஷில் ஒரே கத்து கத்தினாள். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

உம் முஹன்னத் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஹப்ஸாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹப்ஸா வாசலில் கிடந்த செருப்புகளை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.